கூறைச்சேலையும் ஒரு கடும் கோப்பியும்

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு ஆனி மாதம், ஒரு ஞாயிறு காலை. விம்பிள்டனில் வாடகைக்கு எடுத்த பாடசாலை மண்டபத்தில் எனக்குக் கல்யாணம். மருந்தியல் படிப்பின் கடைசி வருடச் சோதனை முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. மாப்பிள்ளை பிளேஸ்டோவில் நண்பர்களோடு ஒரு வீட்டில் இருந்தவர். லண்டனில் அவருக்குச் சொந்தமென்று ஒருவரும் இல்லை. பேசிச் செய்த கல்யாணம். ஒரு முறை நேரில் பார்த்தோம், ஐந்தாறு முறை தொலைபேசியில் கதைத்தோம், அவ்வளவுதான்.

மணவறையில் போய் உட்கார்ந்து ஓரக்கண்ணால் பார்த்தேன். மாப்பிள்ளையின் கண் மூடியிருந்தது. பக்தி என்று நினைத்தேன். கன்னிகாதானத்தின்போது என் கையைப் பிடித்திருந்த கை மெல்ல மெல்லத் தளர்ந்து நழுவியது. தலைப்பாகை முன்னால் சரிந்தது. மாப்பிள்ளைத் தோழனாகப் பக்கத்தில் இருந்த என் தம்பி அதை நிமிர்த்தி நிமிர்த்திக் களைத்துப் போனான். முன்வரிசையில் யாரோ, "மாப்பிள்ளைக்கு விருப்பமில்லைப் போல கிடக்கு" என்று சொன்னது எனக்கும் கேட்டது. அழுகை ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். என்னைப் பிடிக்காத மனிதருக்குக் கழுத்தை நீட்டுவதா, எழும்பிப் போய்விடுவதா என்றுகூட யோசித்தேன்.

தாலி கட்டுமுன் தரும் கூறைச்சேலையை வாங்கிக்கொண்டு அதை மாற்றி உடுக்க எழும்பும்போது, குனிந்து தம்பியிடம், "இவருக்கு என்னடா?" என்று சீறினேன்.

"அக்கா, அத்தான் ரெண்டு நாளா நித்திரையே கொள்ளேல்லை. மணவறை கட்டித் தாறன் எண்ட ஆள் கடைசி நேரத்திலை கைவிட்டிட்டார். இது முழுக்க அத்தான் தனியக் கட்டினது. நீ ஃபோனிலை மயில் வேணும் எண்டனியாம். அந்த ரெண்டு மயிலும் அவர்தான் அட்டையிலை வெட்டி ஒட்டினவர்."

நிமிர்ந்து பார்த்தேன். ஒரு மயிலுக்குக் கழுத்துக் கோணல். சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. கோபம் போன இடம் தெரியவில்லை. ஆனால் தாலி கட்ட ஆள் விழித்திருக்க வேண்டுமே!

"கடும் கோப்பி ஒண்டு குடு. குடிச்ச கையோட உன்ர தோளிலை சாய்ச்சு நித்திரை கொள்ள விடு. நான் வருமட்டும் எழுப்பாதை" என்றேன்.

"நித்திரை கொள்ளவோ கோப்பி?" என்று தம்பி முழித்தான்.

அவனுக்கு விளக்க நேரமிருக்கவில்லை, உங்களுக்குச் சொல்கிறேன். நாம் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். மூளைக் கலங்களில் அதற்கென்று இடங்கள் இருக்கின்றன. அங்கே அது போய் ஒட்டினால் கண் சொக்கும். கோப்பியில் உள்ள கஃபீன் அந்த இடங்களை முந்திப் பிடித்துவிடும், ஆனால் அடினோசினை அகற்றாது. அதைக் குறைக்க நித்திரையால்தான் முடியும். குடித்த கோப்பி வேலை செய்ய இருபது நிமிடமாவது பிடிக்கும். அதுவரை மனிதர் நித்திரை கொண்டால் அடினோசினும் கொஞ்சம் குறையும், அந்த நேரம் பார்த்துக் கோப்பியும் வந்து சேரும்.

ஆகவே அந்த இருபது நிமிடத்தை நான்தான் உண்டாக்க வேண்டும். கொய்யகத்தின் மடிப்பு சரியில்லை என்று மூன்று முறை அவிழ்த்தேன். கொண்டை ஊசியைத் தொலைத்துத் தேட வைத்தேன். சேலை உடுத்திவிட்ட மாமி, "பிள்ளை, முகூர்த்தம் தவறப் போகுது, கெதியா வாரும்" என்று பதறினார். முகூர்த்தம் எப்போது முடியும் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து இழுத்தேன்.

திரும்பி வந்தபோது கோப்பிக் கோப்பை காலியாகக் கிடந்தது, மாப்பிள்ளை தம்பியின் தோளில் வாய் திறந்து குறட்டை. சபை முழுக்கச் சிரிப்பு. ஐயர்கூட மந்திரத்தைக் குரல் தணித்துத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். தம்பி தட்டி எழுப்பினான். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அப்படி மலர்ந்த ஒரு முகத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. முகூர்த்தம் முடிய நாலைந்து நிமிடம் இருக்க, கை நடுங்காமல் தாலியைக் கட்டினார். கட்டிவிட்டு என் காதருகே, "மயில் உமக்குப் பிடிச்சிருக்கோ?" என்றார்.

"ஓம்" என்றேன். மேளச் சத்தத்தில் அவருக்குக் கேட்காமல் போய்விடுமோ என்று இன்னொரு முறையும் உரத்துச் சொன்னேன்.

அன்றிலிருந்து யாராவது என்னிடம் முகம் கொடுத்துப் பேசாவிட்டால், என்னைப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டுவதை விட்டுவிட்டேன். கடைசியாக எப்போது நித்திரை கொண்டீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன்.