அட்டனில் தொடங்கும் முதல் பக்கம்

கடந்த மாசியில் நான் நீலகிரியில் பந்தலூர் பக்கம் உள்ள சேரங்கோட்டுக்குப் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. கோவையில் எனக்குப் பழக்கமான ஆறுமுகம், மகள் திருமணத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு குடும்பப் புத்தகம் போட விரும்பினார். எழுதித் தர ஒப்புக்கொண்டேன். "நாங்க முசிறிப் பக்கம் சார், அப்புறம் நீலகிரிக்கு வந்தோம். அது போதும்" என்றார். நடுவில் மூன்று தலைமுறை இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்ததும், எழுபதுகளில் குடும்பம் திருப்பி அனுப்பப்பட்டதும் அதில் இல்லை. பள்ளியில் "சிலோன்காரன்" என்று கேலி கேட்டு வளர்ந்தவர். மகளுக்கு அது வேண்டாம் என்பது அவர் நியாயம்.

ஊட்டியிலிருந்து காலை முதல் பேருந்து. கூடலூர் ஐம்பது கிலோமீட்டர், அங்கே வண்டி மாறி பந்தலூர் இன்னும் இருபத்தைந்து. நடுவட்டம் தாண்டி மலை இறங்கியதும் ஸ்வெட்டரைக் கழற்றலாம். பந்தலூரிலிருந்து ஆட்டோவுக்கு இருநூற்றைம்பது ரூபாய். "சேட்டா, அஞ்சு மணிக்கு மேல என்னைக் கூப்பிடண்டா. ஆன இறங்கும்" என்றார் ஓட்டுநர், யானையை மலையாளத்தில் சொல்லி. "போட்டோ எடுக்கணும்னா ஆன நிக்கும், ஆட்டோ நிக்காது."

ஆறுமுகத்தின் அக்கா புஷ்பம் அங்கே அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்து மூன்று. ஆறுமுகம் எனக்கு முன்பே வந்திருந்தார். மாப்பிள்ளையின் பெற்றோர் அன்று பதினொரு மணிக்குப் பெண்ணின் அத்தை வீட்டைப் பார்க்க வருவதாக இருந்தது.

"தம்பி உங்ககிட்ட எந்த ஊருன்னு சொன்னான்?" என்றார் புஷ்பம்.

"முசிறின்னார்."

"முசிறியா! எங்க தாத்தாவே அந்த ஊரப் பாத்ததில்லங்க. நான் பொறந்தது அட்டன்ல. இவனப் பெத்துக்க மட்டும் அம்மா முசிறிக்கு நீஞ்சிப் போனாங்களோ?"

"அக்கா, இன்னிக்கு ஒரு நாள் சும்மா இருங்க. சம்பந்தி வர்ற நேரம்."

"நான் சும்மா இருந்தா பெரியக்காவ எங்கடா வைப்ப?"

பெரியக்கா என்பது மூத்தவர் ராஜேஸ்வரி. அவர் கணவர் குடும்பத்துக்கு இலங்கைக் குடியுரிமை கிடைத்தது, பெற்றோருக்கும் சின்னவர்களுக்கும் இந்தியக் கடவுச்சீட்டு. அவர் அங்கேயே தங்கி, இரண்டு ஆண்டுகளுக்கு முன் அங்கேயே இறந்தார். ஆறுமுகம் எனக்குச் சொல்லிய குடும்பத்தில் அவர் பெயரே இல்லை.

சம்பந்தி வந்தார்கள். தேநீர் வந்தது. "ஏனுங்க, உங்களுக்குப் பூர்வீகம் எந்தூருங்க?" என்று மாப்பிள்ளையின் அப்பா சாதாரணமாகத்தான் கேட்டார்.

"சிலோனுங்க. அட்டன்" என்றார் புஷ்பம், தம்பி வாய் திறக்குமுன். நிறுத்தவும் இல்லை. தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய லயத்து வீடு, காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களம், பக்கத்து லயத்துக்குக் கொடுத்துவிட்டு வந்த ஆடு, எல்லாம் சொன்னார். "ஸ்டேஷன் பூரா ஒப்பாரி. கோச்சி கெளம்புது. பெரியக்கா…" அங்கே குரல் நின்றுவிட்டது.

கொழுந்துக் காட்டில் ஒருத்தி தன் நிரையில் பின்தங்கினால், முடித்தவள் கேட்காமலே எதிர்ப்பக்கமிருந்து அந்த வரிசைக்குள் நுழைந்து பறித்துக்கொண்டு வருவாள். இந்த வீட்டில் கதை சொல்வதும் அப்படித்தான் என்று அப்போது தெரிந்தது. ஏனென்றால் ஆறுமுகம் பேசத் தொடங்கினார்.

"பெரியக்கா மட்டும் அழலைங்க. கோச்சி கூடவே ஓடி வந்தாங்க. 'வீட்டுல எத்தன புள்ளைங்கன்னு கேட்டா மூணுன்னு சொல்லணும்டா'ன்னு கத்துனாங்க. எனக்கு எட்டு வயசு. கப்பல்ல வந்து எறங்குனதும் மண்டபம் கேம்ப்ல ஆபீசர் கேட்டாரு, மூணுன்னேன். இங்க ரெண்டுதானே நிக்குதுன்னு சிரிச்சாரு. திரும்பவும் மூணுன்னேன்."

புஷ்பம் தம்பியைப் பார்த்தார். "அன்னிக்கு எவ்வளவு திமிரு உனக்கு!"

சம்பந்தி டம்ளரைக் கீழே வைத்தார். "இதெல்லாம் புஸ்தகத்துல போடோணுங்களா?"

"போடணுங்க" என்றார் ஆறுமுகம்.

சம்பந்தி மதியச் சாப்பாட்டுக்கு இருந்தார், ரசம் இரண்டு முறை வாங்கிக்கொண்டார்.

போக நினைப்பவர்களுக்கு: சொந்த வண்டி என்றால் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள். மாலை ஐந்துக்குள் பந்தலூர் திரும்பிவிடுங்கள். குடும்பக் கதை கேட்கப் போகிறீர்கள் என்றால், தொலைபேசியில் ஒருவர் சுருக்கிச் சொன்னதை நம்பி எழுதாதீர்கள். அந்தப் பயணத்தில் இருந்தவர்களை ஒரே அறையில் உட்கார வையுங்கள், ஒருவர் நிறுத்தும்போது அவசரப்பட்டு அடுத்த கேள்வியைக் கேட்காதீர்கள்.

புத்தகம் திருமணத்தன்று எல்லோர் கைக்கும் போனது. முதல் வரியை ஆறுமுகமே சொல்லி எழுத வைத்தார்: "அட்டனில் பிறந்த ராஜேஸ்வரி, புஷ்பம், ஆறுமுகம் ஆகிய மூவரின் கதை இது."