கைராசிக்காரரும் பேசும் கம்ப்யூட்டரும்

பெரம்பலூரில் நான் வேலைக்குச் சேர்ந்த ஆபீசில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். எனக்குக் கண் தெரியாது. திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் சாப்ட்வேர் ஒன்றை அதில் ஏற்றித் தந்திருந்தார்கள். ஆனால் காலையில் யாராவது மவுஸால் தட்டி எழுப்பினால்தான் அது வாயைத் திறக்கும். அதுவரை எனக்குக் கண்ணோடு காதும் போன மாதிரிதான்.

தட்டுகிற உரிமை தலைமை எழுத்தருடையது. அவருக்குக் கைராசியாம், மிஷினை முதலில் அவர்தான் தொடவேண்டும். வேப்பந்தட்டை பஸ்சிலிருந்து இறங்கி, டீ குடித்து, சாமி படத்துக்குப் பத்தி கொளுத்திவிட்டுப் பதினொரு மணிக்குத் தட்டுவார். வெள்ளிக்கிழமை என்றால் ராகு காலம் கழிந்து பன்னிரண்டுக்கு. "என்ன தம்பி, நான் இல்லேன்னா உங்க பாடு திண்டாட்டந்தான்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி வேறு சொல்வார். நான் பல்லைக் காட்டி நன்றி சொல்லவேண்டும். எரிச்சல் மண்டைக்கு ஏறும்.

அதுகூடப் போகட்டும். என் வேலை நிரந்தரமாக, நான் பிறர் உதவியின்றி வேலை செய்கிறேன் என்று அவர் ஒரு வரி எழுதித் தரவேண்டும். "தினம் நாந்தானே ஆரம்பிச்சு வுடறேன்? மனசாட்சியோட எப்படி எழுதறது?" என்று மூன்று மாதமாகப் பைலை மேசைக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். அடேயப்பா, என்ன மனசாட்சி!

திருச்சியில் என்னோடு கம்ப்யூட்டர் படித்த நண்பனிடம் போனில் புலம்பினேன். அவனுக்கும் கண் தெரியாது. "ஸ்டார்ட்அப் போல்டர்னு ஒண்ணு இருக்குடா. உன் சாப்ட்வேர் ஐகானைக் காப்பி பண்ணி அதுல போட்டுடு. உள்ள நுழைஞ்சதும் தானா பேசும்" என்றான். வியாழக்கிழமை எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் போட்டேன். அங்கே இரண்டு போல்டர்கள் இருந்தன. ஒன்று எனக்கு மட்டும், மற்றது அந்தக் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கும் எல்லோருக்கும். பொதுவில் போட்டால் யாரும் குறை சொல்லமாட்டார்கள் என்கிற ஆபீஸ் புத்தி எனக்கும் வந்துவிட்டது. எல்லோருக்குமானதில் போட்டுவைத்தேன்.

மறுநாள் வெள்ளி. பத்து மணிக்கு நானே சுவிட்சைப் போட்டு, என் பெயருக்கான பாஸ்வேர்டை அடித்தேன். பேசியது! ராகு காலம் பிறப்பதற்குள் ஒரு கடிதமே அடித்துவிட்டேன்.

பன்னிரண்டு மணிக்குத் தலைமை எழுத்தர் வந்து, "யாரு தொட்டது?" என்றார். நான் எழுந்து இடம் விட்டேன். அவர் தன் பெயரில் உள்ளே நுழைந்தார். கம்ப்யூட்டர் அவருக்கும் பேசத் தொடங்கியது. மாதக்கணக்காகக் கேட்டுப் பழகிய இங்கிலீஷ் சத்தம்தானே, அவர் கண்டுகொள்ளவில்லை.

அதிகாரி தன் அறையிலிருந்து வந்து அவர் பின்னால் நின்றார். "மாசக் கடைசி ஸ்டேட்மென்ட் என்னாச்சு?"

"அதத்தான் சார் பாத்துட்டிருக்கேன்."

பதற்றத்தில் எந்தப் பட்டனை அழுத்தினாரோ, "சாலிடேர்" என்றது கம்ப்யூட்டர், கணீரென்று. கம்ப்யூட்டரில் தனியாக உட்கார்ந்து ஆடும் சீட்டாட்டத்தின் பெயர் அது. ஆபீசே சிரித்தது. அதிகாரி தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சாயங்காலம் தலைமை எழுத்தர் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"தம்பி, என் பேர்ல போனா பேசாதபடி பண்ணிக் குடுங்களேன். எனக்கு ஒரு எழவும் புரியல."

"பண்ணிடலாங்க சார். அந்தப் பைலு?"

மேசைப் பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது. அந்த ஒரு வரியை எழுதி, எனக்கு வாசித்துக் காட்டி, கையெழுத்தும் போட்டார். பிறகுதான் ஐகானைப் பொதுப் போல்டரிலிருந்து எடுத்து என்னுடையதில் போட்டேன். பாவம் மனுஷன், பிறர் உதவியின்றி அவரால் முடியாது.