நாய்க்கு மன்றாட்டு கிடையாதாம்

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. மலேசியாவில் ஈஜோக் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்தில் குடியிருந்தோம். ஆண்டுக் கடைசி மழையில் ஆற்றுத் தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்துவிட, எங்களை ஏற்றிப்போகத் தோட்டத்து லோரி வந்தது. எங்கள் நாயைத் தூக்கிக்கொண்டு ஏறப்போனேன்.

"ஆளுங்க மட்டுந்தான்லா, நாயெல்லாம் ஏத்த முடியாது" என்று எங்களை வேலை வாங்கும் மண்டோர் தடுத்துவிட்டார். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி மட்டும் போர்வை போர்த்திக்கொண்டு ஜம்மென்று லோரியில் உட்கார்ந்திருந்தது. அது எந்த ஊர் ஆளோ, எனக்குத் தெரியவில்லை. தினமும் காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போகும்போது கூடவே வரும் நாய், அன்றும் லோரிக்குப் பின்னால் நீந்தி வந்தது. வளைவு திரும்பும்வரை பார்த்து அழுதேன்.

தண்ணீர் வடிந்து திரும்பியபோது செம்பனை மரத்தடியில் செத்துக் கிடந்தது. நானும் வீட்டுக்காரரும் அங்கேயே புதைத்தோம்.

தோட்டத்தில் கிறிஸ்தவக் குடும்பங்கள் கொஞ்சம்தான். சாமியார் வராத ஞாயிறுகளில் உபதேசியார் செபம் நடத்துவார். அவரவர் எழுந்து மன்றாட்டைச் சொல்ல, எல்லாரும் சேர்ந்து, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்போம். அந்த ஞாயிறு முழுக்க வெள்ளத்தில் போனவற்றுக்கான மன்றாட்டுதான். ஒருவர் மோட்டார் சைக்கிளுக்குக் கேட்டார், ஒருவர் ஆடுகளுக்கு. ரவிக்கை தைத்துக் கொடுக்கும் ஓர் அக்கா, பாழாய்ப்போன தையல் மிஷினுக்குக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னோம்.

நான் எழுந்து எங்கள் நாய்க்காகக் கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"நாய்க்கெல்லாம் மன்றாட்டு கிடையாதும்மா. அதுக்கு ஆத்மா இல்ல, உக்காரு" என்றார் உபதேசியார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தையல் மிஷினுக்கு ஆத்மா இருக்குங்களா, உபதேசியாரே?" என்று கேட்டுவிட்டேன்.

"அது பொழப்பும்மா" என்றார்.

அப்படியென்றால் பிழைப்பு போனால் அழலாம், பாசம் வைத்த உயிர் போனால் அழக்கூடாதா? எல்லா உயிரையும் படைத்தவர் கடவுள் என்று ஞாயிறுதோறும் எங்களுக்குச் சொன்னவரே அவர்தான். நான் உட்காரவில்லை, நின்றுகொண்டே இருந்தேன்.

கடைசியில் அந்தத் தையல்கார அக்காதான், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று தனியாகச் சொன்னார். பின்னால் இன்னும் சில குரல்கள் சேர்ந்துகொண்டன. அதன்பிறகுதான் உட்கார்ந்தேன்.

செத்துப்போன பிராணிக்காக அழுகிறவரைப் பார்த்து யாராவது "நாய்தானே" என்றால், இன்றைக்கும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. அந்தக் கோபத்தைப் பாவமென்று நான் ஒருநாளும் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன்.