இணங்க வைக்கிற வேலை

குழந்தைகள் மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனை அறையில் அவளுக்கு ஊசி அக்கா என்று பெயர். டாக்டர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தடவிப் பார்த்து, ஊசியை ஏற்றி, குப்பியில் ரத்தம் நிறைந்ததும் பஞ்சை வைத்து அழுத்துவது சின்ன வேலை. அதற்கு முன்னால் நடப்பதுதான் பெரிய வேலை. நாற்காலியில் உட்காரவே மாட்டேன் என்று அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கும் பிள்ளையை வழிக்குக் கொண்டுவர வேண்டும்.

மற்றவர்கள் இரண்டு பேரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் குத்துவார்கள். இவள் பிடிக்க விடமாட்டாள். "எந்தக் கை? நீயே சொல்லு" என்பாள். குத்தலாமா என்று கேட்பதே இல்லை. பிள்ளை இந்தக் கையா அந்தக் கையா என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆனால் வலிக்காது என்று மட்டும் சொல்லமாட்டாள். "கொஞ்சம் வலிக்கும். நான் பத்து எண்றதுக்குள்ள முடிஞ்சிடும்" என்பாள். ஒருமுறை ஏமாற்றிவிட்டால் அடுத்த முறை அந்தப் பிள்ளை வாசலிலேயே தரையில் புரளும்.

இவ்வளவு கைராசிக்காரிக்கு வீட்டில் ஒரே ஒரு ஆள் மசியவில்லை. அவள் கணவர்.

அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். கண்ணாடி மாற்றப் போன இடத்தில், இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருக்கிறது, ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். "கண்ணாடிக் கடைக்காரன் என்ன டாக்டரா?" என்று வெளியே வந்தவர்தான், அதோடு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவருடைய அண்ணனுக்கு முன்பொரு காலத்தில் இதே ஆபரேஷன் செய்து ஒரு கண் போய்விட்டது. அதை அவர் வாய் திறந்து சொல்வதில்லை. வேனை நிறுத்தும்போது சுவரில் உரசிவிட்டு, சுவரைத் திட்டுவார்.

மகளுக்கு அந்த நேரத்தில் வேறு தலைவலி. வேலைக்கான தேர்வு எழுதுகிறவர்களுக்கு ஆங்கிலக் கேள்விகள் தயாரித்துக் கொடுப்பது அவள் தொழில். சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, தட்டு வைக்க இடமில்லாமல் செய்துவிடுவாள். ஒருவரை நயமாக இணங்க வைப்பதற்கு ஆங்கிலத்தில் ஐந்தாறு சொற்கள். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் வித்தியாசம் தெரிகிற மாதிரி வாக்கியம் கேட்டிருந்தார்கள். அவள் அனுப்பியதை, எல்லாச் சொல்லும் எல்லா இடத்திலும் பொருந்துகிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"அகராதியில எல்லாத்துக்கும் 'இணங்கச் செய்'னுதான்மா போட்டிருக்கான்" என்றாள்.

"அதுக்கு ஏன் அஞ்சாறு வார்த்தை? வேற வேலை இல்லையா அவங்களுக்கு?"

"தமிழ்ல மட்டும் இல்லையா? தாஜா பண்றது, ஐஸ் வைக்கிறது, காக்கா பிடிக்கிறது, நச்சரிக்கிறது. எல்லாம் ஒண்ணா?"

அம்மா மோரை ஊற்றிக்கொண்டே யோசித்தாள். "ஒண்ணு இல்லதான்."

அன்று சாப்பாடு முடிவதற்குள் மகள் அம்மாவின் அறையில் நடப்பதையெல்லாம் கேட்டு வாங்கி, சொற்களைப் பிரித்துவிட்டாள். பயப்படுகிற பிள்ளையைப் பொறுமையாக, அவசரப்படுத்தாமல் கையை நீட்ட வைத்தால் அது கோக்ஸ் (coax). நீ எவ்வளவு தைரியசாலி, உன்னைப்போல் யார் உண்டு என்று புகழ்ந்து மயக்கி நீட்ட வைத்தால் கஜோல் (cajole). இதில் கொஞ்சம் பொய்யும் கலக்கலாம். பிள்ளை திரும்பித் தன் அம்மாவிடம் குழைந்து குழைந்து, விடாமல் பிடுங்கி ஒரு சாக்லேட் கறந்தால் வீடில் (wheedle). காரணம் சொல்லிப் புரிய வைத்தால் பெர்சுவேட். சீக்கிரம் செய்யுங்கள் என்று அழுத்திச் சொன்னால் அர்ஜ்.

"இதுல ஒண்ணையாவது உங்கப்பாகிட்ட எடுத்து விடணும்" என்றாள் அம்மா.

எடுத்துத்தான் விட்டாள். முதலில் பொறுமையாக. "சும்மா டாக்டரைப் பார்த்துட்டு வந்துடலாம். எந்தக் கண்ணு அதிகமா மங்குது, வலதா இடதா?"

அவர் செய்தித்தாளை இறக்காமலே சொன்னார். "இது உன் லேப் வித்தை. எனக்கு அஞ்சு வயசு ஆகல. ஆனா சாக்லேட் இருந்தா குடு."

மகள் மேஜையிலிருந்து, "கோக்ஸ், தோல்வி" என்றாள்.

மறுநாள், இந்தத் தெருவிலேயே உங்களைப்போல் வண்டி ஓட்டுகிறவர் யார், அந்தக் கண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டாமா என்று ஆரம்பித்தாள். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என் டிரைவிங்கைத் திட்டுறவ இப்ப புகழ்றியே. என்ன வேணும் சொல்லு" என்றார் அவர். மகளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அம்மாவுக்கு எரிச்சல் வந்தது. நூறு பிள்ளைகளை மடக்குகிறவளுக்கு இந்த ஒரு கிழட்டுப் பிள்ளை படியவில்லை என்றால் எப்படி?

அந்த எரிச்சலில்தான் அவள் தப்பு செய்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து அவளுக்கு போன் வந்ததாகவும், எல்லா டிரைவரும் கண் ஆபரேஷன் தேவையா என்று டாக்டரிடம் காட்டிவிட்டு வரவேண்டும் என்று சொன்னதாகவும் ஒரு கதை விட்டாள். அவர் முகம் மாறியது. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். நேராக வேன் முதலாளியிடம் போய் விசாரித்துவிட்டுத் திரும்பினார். அப்படி ஒரு உத்தரவே இல்லை.

"புருஷன் பொழப்பை வெச்சு விளையாடுறியா?" என்று மட்டும் கேட்டார். பிறகு பேச்சு நின்றது. தண்ணீர் வேண்டுமானால் மகளிடம் கேட்டார்.

"இதுக்கு என்ன வார்த்தைடீ?" என்று அம்மா கேட்டாள்.

"இது அந்த லிஸ்ட்லயே வராதும்மா. இதுக்குப் பேர் ஏமாத்துறது."

அவளுக்குச் சுருக்கென்றது. பிள்ளைகளிடம் சொல்லாத பொய்யை வீட்டில் சொல்லியிருக்கிறாள். இனி அவள் எதைச் சொன்னாலும் அவர் நம்பமாட்டார்.

அந்த வாரத்தில் ஒருநாள் காலையில் மருத்துவமனைக்குப் போகும் பஸ் வரவில்லை. அவள் வேனுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டே கதவைத் திறந்துவிட்டார். இன்னும் பிள்ளைகள் யாரும் ஏறவில்லை. வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற அம்மாள் முன் இருக்கையில் இருந்தாள். ஊசி அக்கா பின்னால் உட்கார்ந்தாள்.

பெரிய சாலைக்கு வந்ததும் வெயில் நேராக முகத்தில் அடித்தது. சிக்னல் பக்கத்தில் வண்டி மெதுவானது.

"சிவப்புண்ணே" என்றாள் முன்னால் இருந்த அம்மாள், பழக்கத்தில். பின்னால் ஆள் இருப்பது அவளுக்கு மறந்துவிட்டது. "இன்னும் சிவப்புதான். லெஃப்ட்ல சைக்கிள் வருது. ம், பச்சை. போலாம்."

அவர் போனார். அடுத்த வளைவு தாண்டியதும் ஊசி அக்கா சொன்னாள். "ஓரமா நிறுத்துங்க."

நிறுத்தினார். முன்னால் இருந்த அம்மாள் இருக்கையில் அப்படியே திரும்பி உட்கார்ந்துகொண்டாள். "அண்ணி, நீங்க எவ்வளவு படிச்சவங்க, உங்களுக்குத் தெரியாததா? காலையில வெயில்லதான் கொஞ்சம் கூசுதாம். நான்தான் பக்கத்துலயே இருக்கேனே. அண்ணனை மாதிரி தங்கமான மனுஷன் கிடைப்பாரா? வேற டிரைவர் வந்தா என்னையும் மாத்திடுவாங்க அண்ணி. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அண்ணி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

இவளைத் தன் கணவரும் இப்படிப் புகழ்ந்துதான் சரிக்கட்டியிருப்பார் என்று ஊசி அக்காவுக்கு விளங்கியது. வீட்டில் எந்தத் தூண்டிலிலும் சிக்காத மனிதர், வெளியே அதே தூண்டிலைப் போட்டிருக்கிறார்.

அவள் கணவரின் பின்தலையைப் பார்த்துத்தான் பேசினாள். "அன்னைக்கு நான் சொன்னது பொய். தப்புதான். இப்ப சொல்றது பொய் இல்ல. இந்த வண்டியில இன்னைக்குப் பிள்ளைங்க ஏறக்கூடாது. முதலாளிக்கு போன் பண்ணுங்க."

அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. "அண்ணனுக்கு ஆன மாதிரி ஆயிட்டா?" என்றார்.

ஆகாது என்ற சொல் அவளுக்கு நாக்கு வரை வந்தது.

"ஆகலாம். சில பேருக்கு ஆகுது. நிறையப் பேருக்கு ஆகல. ஆகவே ஆகாதுன்னு என்னால சொல்ல முடியாது."

"அப்புறம் எதுக்குப் பண்ணிக்கணும்?"

"பண்ணிக்கலேன்னா ரெண்டும் போயிடும். அதுக்கு முன்னாடி எந்தப் பிள்ளை மேலயாவது ஏத்திடுவீங்க."

முன் இருக்கை அம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஒரு லாரி கடந்து போனதில் வேன் லேசாக ஆடியது. அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத் தேடி, முதலாளியைக் கூப்பிட்டார். அந்தப் பக்கம் கத்துவது பின் இருக்கை வரை கேட்டது. இவர் எல்லாவற்றுக்கும் "சரிங்க, சரிங்க" என்றார்.

"வேற ஆளை அனுப்புறாராம்" என்றார் வைத்துவிட்டு. "என் இடம் இருக்குமான்னு கேட்டேன். பார்க்கலாம்னுட்டார்."

அவள் பரிசோதனை அறைக்கு போன் செய்து லீவு சொன்னாள். மாற்று டிரைவர் வந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டு, எந்த வீட்டுப் பிள்ளை தாமதமாக வரும், எந்த வாசலில் நாய் இருக்கும் என்று அவர் நிதானமாக எடுத்துச் சொன்னார். முன் இருக்கை அம்மாளை மாற்ற வேண்டாம், பிள்ளைகள் அவளிடம் பழகிவிட்டார்கள் என்று முதலாளியிடம் சொல்லும்படியும் சொன்னார்.

கண் மருத்துவமனைக்கு இரண்டு பஸ் மாற வேண்டியிருந்தது. பதிவு செய்யும் இடத்தில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே கேட்டாள். "எந்த டாக்டர் அனுப்பினார் சார்?"

"யாரும் அனுப்பலம்மா" என்றார் அவர், நெஞ்சை நிமிர்த்தி. "நானாத்தான் வந்தேன்."

அந்தப் பெண், சரியா என்பதுபோல் ஊசி அக்காவைப் பார்த்தாள்.

"ஆமா, அவராத்தான் வந்தார்" என்றாள் ஊசி அக்கா.