பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே

எங்கள் வீட்டு டேப்ரெக்கார்டரில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு மட்டும் எழுத்தெல்லாம் அழிந்து மொழுமொழுவென்று இருக்கும். மற்றப் பொத்தான்கள் புதுக்கருக்கு மாறாமல் இருந்தன. மதினி பாட்டுக் கேட்கிற விதம் அப்படி. பாட்டு ஓடும்போது தெருவுக்கே கேட்கிற மாதிரி வைப்பார். முடியப்போகிறது என்றதும் திருகைப் பிடித்துச் சத்தத்தைக் குறைத்துவிட்டு, காதை ஸ்பீக்கர் வலையோடு ஒட்டிவைத்துக்கொள்வார். அடுத்த பாட்டு தொடங்கியதும் மறுபடி கூட்டுவார். ஒவ்வொரு பாட்டுக்கும் இதே சடங்கு. "என்ன மதினி, டேப்புக்கு முத்தம் குடுக்கியளா?" என்று கேலி செய்வேன். "ஒனக்கென்ன தெரியும், போ தம்பி" என்று சிரிப்பார். எனக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியாது. பேட்டரியை மிச்சம் பிடிக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

மதினி என் அண்ணன் மனைவி. அண்ணன் தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்கு வெங்காயமும் கருங்கல்லும் ஏற்றிப்போகும் தோணியில் வேலை பார்த்தான். கலியாணமாகி மூன்று வருஷத்தில் அவன் வீட்டில் இருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருஷம்கூடத் தேறாது. அப்புறம் ஒரு புயலில் அவன் போன தோணி திரும்பவில்லை. ஆளும் இல்லை, ஒரு பலகையும் ஒதுங்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவர்த்தி ஏற்றக்கூட அவனுக்கென்று ஓர் இடம் கிடையாது. அவன் விட்டுப்போனது ஒரு கலியாண போட்டோவும் பதினொரு கேசட்டும். அந்தக் காலத்தில் ரெக்கார்டிங் கடையில் பிடித்த பாட்டுகளை எழுதிக் கொடுத்தால் காலி கேசட்டில் பதிந்து தருவார்கள். கடைக்காரர் பாட்டு வரிகளை அட்டையில் குண்டு குண்டான எழுத்தில் எழுதியிருப்பார். பதினொன்றும் அப்படிப் பதிந்தவைதான்.

நான் அப்போது ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தேன். வேலை என்ன வேலை, வருகிறவர்களுக்குக் கம்ப்யூட்டரைத் திறந்துவிட்டு நேரம் குறிப்பது. மிச்ச நேரமெல்லாம் பாட்டு இறக்குவதுதான் பிழைப்பு. யார் யாரோ தங்கள் கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் பாட்டுகளை ஒருவருக்கொருவர் இலவசமாக எடுத்துக்கொள்ளும் தளம் ஒன்று இருந்தது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று அள்ளினோம். அங்கே தமிழ்ப் பாட்டு ரசிகர்கள் கூடிப் பேசும் அரங்கமும் உண்டு. ஒருவன் டொராண்டோ, ஒருவன் துபாய், ஒருவன் திண்டுக்கல். யாருக்கும் யார் முகமும் தெரியாது. ஆனால் ஒரு பாட்டின் நடுவில் வரும் புல்லாங்குழல் எந்தப் பிரதியில் தெளிவாகக் கேட்கிறது என்று நாள்கணக்கில் சண்டை போடுவோம். கேசட்டிலிருந்து எடுத்த பாட்டு என்றால் இளக்காரம். 'இரைச்சல்' என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவோம். இரைச்சல் இல்லாததே பாட்டு என்பது எங்கள் வேதம். அந்த வேதத்துக்கு நான் மணியடிக்கும் கோயில்பிள்ளை வேலை பார்த்தவன்.

அப்படியிருக்கும்போது அந்தச் செய்தி வந்தது. வெளிநாட்டில் ஏதோ ஒரு நீதிமன்றம் எங்கள் தளத்தை மூடச் சொல்லிவிட்டதாம், இன்னும் சில நாள்தானாம். அரங்கமே சாவு வீடானது. ஒருவன் பாட்டுக் கம்பெனிகளைச் சபித்தான். இன்னொருவன் இனிமேல் ஒரு கேசட்கூடக் காசு கொடுத்து வாங்கமாட்டேன் என்று சத்தியம் செய்தான். என்னவோ அதுவரைக்கும் வாங்கியவன்போல. பாட்டுப் போட்டவனும் சாப்பிட வேண்டாமா என்று கேட்ட ஒரே ஒருவரை எல்லோருமாகச் சேர்ந்து விரட்டினோம். விரட்டியவர்களில் நானும் உண்டு. அதற்குப் பிறகு புலம்பல் ஓய்ந்து, மூடுவதற்குள் முடிந்ததை எடு என்ற பரபரப்பு தொற்றிக்கொண்டது. எனக்கு அந்த அவசரத்தில்தான் மதினியின் கேசட்டுகள் ஞாபகத்துக்கு வந்தன.

மதினி அப்போது மணப்பாட்டில் தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தார். அண்ணன் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கேட்டுக் கேட்டுத் தேய்ந்த கேசட்டுகள். பாட்டெல்லாம் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும். அவர் திரும்பி வரும்போது அத்தனையையும் சுத்தமாகச் சிடியில் போட்டுக் கையில் கொடுத்தால் எப்படி இருக்கும்? முறையாகச் செய்வதென்றால் டேப்ரெக்கார்டரைக் கம்ப்யூட்டரோடு இணைத்து ஒவ்வொரு கேசட்டையும் முழுக்க ஓடவிட்டுப் பதிய வேண்டும். அவ்வளவு நேரம் செலவழித்தாலும் கிடைக்கப்போவது இரைச்சல். நான் அட்டைகளை மட்டும் எடுத்துக்கொண்டு சென்டருக்குப் போனேன். அட்டையைப் பார்த்து, அதே வரிசையில், பாட்டுப் பாட்டாக இறக்கினேன். ஒரு கேசட்டையும் போட்டுக் கேட்கவில்லை. எல்லாம் தெரிந்த பாட்டுதானே, கேட்க என்ன இருக்கிறது.

கேசட்டுகள் இனி எதற்கு என்று, திரேஸ்புரத்தில் கருவாடு போடும் சித்தியிடம் கொடுத்துவிட்டேன். நாடாவை உருவிக் கம்புக்குக் கம்பு இழுத்துக் கட்டினால் வெயிலில் மின்னும், காற்றில் விர்ரென்று சத்தம் போடும். காக்காய் கிட்டே வராது. "பழைய கேசட்டு கெடந்தா குடு மக்கா, காக்கா தொல்ல தாங்க முடியல" என்று சித்தி ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடித்த பெருமையோடு சைக்கிளில் திரும்பினேன்.

ஒரு வாரம் கழித்து மதினி வந்ததும், இரவல் வாங்கிவந்த சிடி பிளேயரில் சிடியைப் போட்டேன். முதல் பாட்டின் தொடக்கத்தில் வரும் வீணையைக் கேட்டு முகம் மலர்ந்தார். "எம்மா, என்ன தெளிவா இருக்கு!" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பாட்டு முடியப்போகும்போது பழக்கப்படி சத்தத்தைக் குறைத்துக் காதைக் கொண்டுபோனார். அடுத்த பாட்டு பட்டென்று தொடங்கிவிட்டது. விலகிக்கொண்டார். இரண்டாவது பாட்டின் முடிவிலும் அப்படியே. மூன்றாவதிலும். அதற்குப் பிறகு அவர் திருகைத் தொடவில்லை.

"தம்பி, கேசட்டெல்லாம் எங்கன?"

"அது எதுக்கு மதினி? எல்லாப் பாட்டும் இதுல வந்துட்டு. ஒண்ணுகூட விடல."

"அவுக இதுல இல்லையே தம்பி" என்றார் மதினி.

அண்ணன் கடிதம் எழுதினால் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவது நான்தான். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. மனைவிக்கென்று தனியாக ஒரு வரி எழுதினாலும் அது என் வாய் வழியாகத்தான் போக வேண்டும். நான் சும்மா இருப்பேனா? அந்த வரி வந்ததும் ராகம் போட்டு இழுத்து வாசித்து மதினியை அடுக்களைக்கு ஓடவைப்பேன். போன் என்றால் அடுத்த வீட்டு போன், சுற்றிலும் நாலு பேர். அதனால் அண்ணன் ஒரு வழி வைத்திருந்தது அன்றைக்கு மதினி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. கேசட் பதியக் கொடுக்கும்போதே பாட்டுக்குப் பாட்டு கொஞ்சம் காலி இடம் விடச் சொல்லிவிடுவான். தோணியில் வைத்து அந்தக் காலி இடத்தில் மெல்லப் பேசிப் பதிந்து, ஊர் திரும்பும் தோணி எதிலாவது கொடுத்தனுப்புவான். மற்றவர்களுக்கு அது பாட்டுக் கேசட். சத்தத்தைக் குறைத்துக் காதை வைக்கிறவளுக்கு மட்டும் புருஷன். அவன் தன் குரலை ஒளித்துவைத்தது என்னுடைய கேலிக்குப் பயந்துதான். அதைக் காக்காய் விரட்டக் கொடுத்தவனும் நானே. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு அந்த மட்டும்கூட இருந்ததாகத் தெரியவில்லை.

கேசட்டுகள் போன இடத்தைச் சொன்னதும் மதினி சேலைகூட மாற்றாமல் திரேஸ்புரத்துக்கு ஓடினார். பின்னாலேயே நான். கரை நெடுக வாளையும் நெத்திலியும் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு மேலே கம்புக்குக் கம்பு அண்ணனின் நாடா விர்ரென்று அடித்துக்கொண்டிருந்தது. சித்தி, "ஐயோ மக்கா, எனக்குத் தெரியாதே" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மதினி நேராக முதல் கம்புக்குப் போனார். ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்து, மடியில் சேர்த்தார். நான் அவிழ்க்கப் போனபோது, "நீ இழுத்துராத தம்பி" என்று மட்டும் சொன்னார். வீட்டுக்கு வந்து பென்சிலில் சுற்றிப் பழைய கூடுகளில் அடைத்துப் பார்த்தோம். துண்டு துண்டாகிவிட்ட நாடாவில் எது எந்தக் கேசட் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஓடியவரைக்கும் ஒரு பாட்டு நாலு சொல் முனகியது. மிச்சமெல்லாம் உப்பும் மீன் வாடையும்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்றைக்கும் சோறு போட்டு, குழம்பு போதுமா என்று கேட்டார். நான் அந்தச் சோற்றைத் தின்றேன்.

தளம் இன்னும் மூடப்படவில்லை. மறுநாள் மதினியிடம் ஓர் அடையாளம் கேட்டுக்கொண்டு ரசிகர் அரங்கத்தில் எழுதினேன்: இந்தப் பாட்டு முடிந்ததும் ஓர் ஆள் இருமிவிட்டுப் பேசுவார், அந்தப் பிரதி எனக்கு வேண்டும் என்று. அது வேறு எங்கும் இருக்க முடியாது என்று தெரியாதா? தெரியும். இருந்தாலும் கேட்டேன். ஒருவன் அது வெளிவராத அபூர்வப் பதிவா என்று பரபரத்தான். ஒருவன் சிரித்தான். ஒருவன் இரக்கப்பட்டு, "இதை எடுத்துக்கொள், இருமல் எதுவும் இல்லை, சுத்தமான பிரதி" என்று அனுப்பினான். அடுத்தடுத்து ஏழெட்டுப் பேர் அனுப்பினார்கள். எல்லாம் ஒரே பாட்டு, ஒன்றைவிட ஒன்று சுத்தம். அந்த வாரக் கடைசியில் தளம் மூடிக்கொண்டது. நான் வருத்தப்படவில்லை.

அதுவரை பேப்பரில் கோயில் அறிவிப்பைத் தவிர எதையும் பார்க்காத மதினி, அதன் பிறகு புதுக் கருவிகளைப் பற்றிய செய்தியெல்லாம் வாசிக்கத் தொடங்கினார். "தம்பி, கெட்டுப்போன டேப்ப சரி பண்ண மிசின் வந்திருக்காம்லா?" என்று வெட்டியெடுத்த துண்டோடு வருவார். நாடாச் சுருளை அடைத்த பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு திருநெல்வேலிக்குப் போனேன், மதுரைக்குப் போனேன், சென்னைக்கும் போனேன். ஸ்டூடியோக்காரர்கள் நல்லவர்கள், டின்னைத் திறந்து பார்த்துவிட்டு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். ஒருமுறை வெறுங்கையோடு வந்தபோது மதினி சொன்னார்: "பேசுனதெல்லாம் வரிசையா ஞாவகம் இருக்கு தம்பி. மூணாவது கேசட்டுல இருமிட்டு, 'ஏளா, ஒண்ணுமில்ல, பீடிதான்'ம்பாக. சொல்லு இருக்கு. சத்தந்தான் கொஞ்சங்கொஞ்சமா என் சத்தமா மாறிட்டு வருது." நான் முற்றத்துக் குழாயைத் திறந்துவிட்டு முகம் கழுவுகிற மாதிரி நின்றேன்.

இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இறந்தவர் குரலைச் செயற்கை அறிவு திரும்பக் கொண்டுவருகிறது என்ற செய்தி போன மாதம் மதினியின் போனுக்கு வந்தது. ஆசையை அடக்க முடியாமல் நானே உட்கார்ந்து பார்த்தேன். இறந்தவர் பேசியதில் முப்பது செகண்ட் கொடுத்தால் போதும், மீதியை அது பார்த்துக்கொள்ளுமாம். வாசித்துச் சொன்னேன். மதினி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முப்பது செகண்ட் இருந்தா நான் எதுக்குத் தம்பி அதுகிட்டப் போறேன்?" என்றார்.

இப்போது உலகத்துப் பாட்டெல்லாம் அவர் போனிலேயே கிடைக்கிறது. அந்தப் பதினொரு கேசட்டின் பாட்டுகளையும் அதே வரிசையில் அடுக்கி வைத்துக் கொடுத்திருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர் வீட்டுக்குப் போனபோது கேட்டுக்கொண்டிருந்தார். போனை வாங்கி, உள்ளே போய் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பாட்டுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை இல்லாமல் ஆக்க ஒரு வசதி இருக்கிறது. ஒரு பாட்டின் வாலோடு அடுத்த பாட்டின் தலையை ஒட்டவும் வசதி இருக்கிறது. இடைவெளியைக் கூட்டத்தான் இல்லை. "என்னத்தத் தேடுத? குடு இங்கன" என்று மதினி வாங்கிக்கொண்டார். பாட்டு முடியப்போனது. பக்கவாட்டுப் பொத்தானை அமுக்கிச் சத்தத்தைக் குறைத்தார். தலையைச் சாய்த்துப் போனைக் காதோடு ஒட்டவைத்தார். அடுத்த பாட்டு, இரைச்சல் ஒரு துளியும் இல்லாமல், உடனே தொடங்கிவிட்டது.