கரையை வெட்டியவன்

பங்களாதேஷ் எல்லையை ஒட்டி ஓடும் பராக் ஆற்றில் மணல் அள்ளிப் பிழைக்கும் தமிஜுத்தீன் லஸ்கருக்கு ஐம்பத்திரண்டு வயதில் கெட்ட பெயர் வந்து சேர்ந்தது. வெள்ளம் ஏறிய அன்று, கரை இளகுகிறது என்று கேள்விப்பட்டு மண்வெட்டியோடு ஓடியவன் அவன். சாக்குச் சாக்காக மண்ணை நிரப்பி அடுக்கியும் கரை நிற்கவில்லை, உடைத்துக்கொண்டது. அவன் குனிந்து மண்ணை வெட்டியதை எவனோ ஒரு புண்ணியவான் படம் பிடித்து, ‘கரையை வெட்டி நம்மை மூழ்கடித்த பங்களாதேஷி’ என்று எழுதிப் பரப்பிவிட்டான். தமிஜின் பாட்டனைப் புதைத்ததும் இந்த ஊரில்தான். அதையெல்லாம் யார் கேட்டார்கள்? அரிசி போய்ச் சேராத மாடிகளுக்கெல்லாம் அந்தப் படம் போய்ச் சேர்ந்திருந்தது.

மூன்றாம் நாள் காலையில், அவல் மூட்டையோடு தன் படகை நிருபேன் மாஸ்டர் வீட்டு மொட்டைமாடி ஓரம் நிறுத்தினான். மாஸ்டரின் மருமகள் ஷிபானி, காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தோளில் போட்டிருந்தாள்.

“ஏறுங்கம்மா. முகாம்ல டாக்டர் இருக்காரு.”

“ஏறாதீங்க மாமா! இவன்தான் அது. போன்ல பாத்தேன்.”

மாஸ்டர் தயங்கினார். “என்ன தமிஜ், நெசமா?”

அந்தக் கேள்விதான் அவனைச் சுட்டது. மருமகளுக்கு அவனைத் தெரியாது, சரி. இவருக்குமா?

“இந்த வீடு கட்ட மணல் கொண்டாந்தவன் நானு. என் வீடும் கூரை வரைக்கும் தண்ணியிலதான் கெடக்கு மாஸ்டர். நானே முழுகடிச்சுக்க எனக்கென்ன பைத்தியமா?” கோபப்படக்கூட அவனுக்குத் தெம்பில்லை. “திட்டறதா இருந்தா முகாமுக்கு வந்து திட்டுங்க. புள்ளைக்கு உடம்பு கொதிக்குது.”

குழந்தை முனகியது. ஷிபானி ஏறினாள். வழி முழுக்க அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை.

முகாமில் ஊசி போட்டு, குழந்தை கண் திறந்த பிறகுதான் அவனிடம் வந்தாள்.

“அந்தப் படத்த அழிச்சிட்டேண்ணே.”

“நீங்க யாருக்கும் அனுப்பலையேம்மா?”

“நாப்பது பேருக்கு அனுப்பிட்டேன்.”

“சரிம்மா” என்றான். அந்த நாற்பது பேர் யார் யாருக்கு அனுப்பினார்களோ.

தண்ணீர் வடிந்ததும் உடைப்பை அடைக்க ஊரே கரையில் திரண்டது. பாதிப் பேர் மண் சுமந்தார்கள், மீதிப் பேர் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். மாஸ்டரே வந்து ஒரு மண்வெட்டியை நீட்டினார்.

“இந்தா தமிஜ்.”

“அங்க வைங்க மாஸ்டர்.”

தமிஜ் சேற்றில் குந்தி உட்கார்ந்து, வெறும் கையால் மண்ணை வாரிச் சாக்கில் போட ஆரம்பித்தான்.