வெயிலில் நிறைந்த மழைத்தோட்டம்

கிள்ளானில் எங்கள் வீட்டு வரிசையில் ஒரு மணி நேரம் மழை பிடித்தால் போதும், கால்வாய்த் தண்ணீர் கூடத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்காக மழைத்தோட்டம் போடலாம் என்று குடியிருப்போர் கூட்டத்தில் பெரிய பேச்சு. பள்ளம் வெட்டி, மணலும் கல்லும் நிரப்பி, செடி நட்டு, கூரைத் தண்ணீரை அதில் விட்டால் மண்ணே குடித்துவிடுமாம். பேசியவர்களில் ஒருவர்கூட அப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்ததில்லை. போய்ப் பார்த்துவரும் வேலையை என் தலையில் கட்டினார்கள். பினாங்கில் வடிகால் பொறியாளராக இருக்கும் என் சித்தப்பா மகள் அகிலா, ஜார்ஜ்டவுனின் கடலோரச் சந்து ஒன்றில் அப்படி ஒரு தோட்டம் போட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. போன மாதம் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன்.

கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த்துக்கு ரயில், எழுபத்தொன்பது வெள்ளிக் கட்டணம், நாலே கால் மணி நேரம். உள்ளே குளிர் உயிரை எடுக்கும், போர்வை கொண்டு போங்கள். கடலைக் கடந்து தீவுக்குப் போகும் பெரிக்கு இரண்டு வெள்ளி. துறையிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குக் கார் ஒன்பது வெள்ளி. ஓட்டுநர் நம் தமிழ்ப் பிள்ளைதான். சந்து முனையிலேயே நிறுத்திவிட்டார்.

"அக்கா, உள்ள போகல லா. இங்கயே இறங்கிக்குங்க."

"ஏன் தம்பி, ரோடு நல்லாத்தானே இருக்கு?"

"போன மாசம் இதே மாதிரி வெயில்ல ஒரு ஆள இறக்கிவிட்டேன். ஜாலான், ரோடெல்லாம் காஞ்சு கெடக்கு, அந்தத் தோட்டம் மட்டும் ததும்புது. யாரும் தண்ணி ஊத்தல. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு."

பட்டப்பகலில் இவ்வளவு பெரிய ஆளுக்குப் பயமா என்று முணுமுணுத்துக்கொண்டே பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தேன்.

அகிலா அங்கே இல்லை. அன்று பௌர்ணமி. விரதமிருந்து கோயிலுக்குப் போனவள் ஒன்றரை மணிக்குத்தான் வருவாள். அதுவரை தோட்டத்தை ஒட்டிய கடைசி வீட்டில், லெட்சுமி அக்காவிடம் இருக்கச் சொல்லியிருந்தாள். நான் முதலில் தோட்டத்தைப் பார்த்தேன். பேருந்து நிற்கும் அளவுக்கு நீளம், இடுப்பளவு பள்ளம், வரிசையாகச் செடிகள். எட்டு வீட்டுக் கூரைக் குழாய்களும் பள்ளத்தின் ஓரம்வரை வந்து மூடி போட்டு நின்றன. திங்கட்கிழமை அவற்றைத் திறந்து இணைப்பதாக ஏற்பாடு.

மணி பன்னிரண்டரை. காற்றே இல்லை. பள்ளத்தின் அடியில் கூழாங்கற்களுக்கு நடுவே ஒரு குமிழி வந்தது. பிறகு இன்னொன்று. கற்கள் கருத்தன. கருப்பு மெல்ல மெல்ல அகலமாகி, தண்ணீர் சத்தமில்லாமல் மேலே ஏறியது. அண்ணாந்து பார்த்தேன், ஒரு மேகம் இல்லை. செடிகளின் அடிவரிசை அழுகிப் பழுப்பாகியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். விரலளவு சேற்று மீன் ஒன்று கல்மேல் தாவி உட்கார்ந்து என்னையே பார்த்தது. நேராக லெட்சுமி அக்கா வீட்டுக்குள் ஓடினேன்.

முன்னறையில் அவர் கணவர் கட்டிலில் படுத்திருந்தார். பக்கவாதம், தானாகப் புரண்டு படுக்கவும் முடியாது. என்னைக் கண்டதும் கேட்டார்.

"கேக்குதா? கீழ யாரோ தண்ணி குடிக்கிறாங்க."

"ரெண்டு மாசமா இப்படித்தான் சொல்லிக்கிட்டிருக்காரு," என்றார் லெட்சுமி அக்கா. "வாதம் வந்ததால புத்தி பிசகிப்போச்சுன்னு நெனச்சேன். பள்ளம் நெறையிறப்ப அகிலா ஆளுங்கதான் தண்ணி விடுறாங்கன்னு இருந்துட்டேன்."

நான் குனிந்து தரையில் காதை வைத்தேன். ஓடுகளுக்கு அடியில் மடக் மடக்கென்று சத்தம் கேட்டது. சத்தியமாகக் கேட்டது.

அகிலா நெற்றியில் திருநீறோடு வந்தாள். பள்ளம் முக்கால்வாசி நிரம்பியிருந்தது. ஒரு சொட்டை நாக்கில் வைத்துத் துப்பினாள்.

"உப்பு. கடல், அக்கா. கடல் அடியில ஏறி வருது."

"மண்ண சோதிக்கலையா நீ?"

"எத்தன தடவ சோதிச்சேன்! ஊத்துன தண்ணி எல்லாம் சர்ருன்னு எறங்குச்சு." சட்டென்று நிறுத்தினாள். "பௌர்ணமி, அமாவாசைன்னா நான் லீவு. மறுநாள் களைப்புல ஆபீஸோட சரி. என் டீம்ல மத்த ரெண்டு பேருக்கும் அதே விரதம். கடல் பொங்குற நாள்ல நாங்க ஒருத்தருமே இந்தப் பக்கம் வந்ததில்ல."

நிரம்பிய பள்ளத்தில் மேலே மழையும் கொட்டி, எட்டுக் கூரைத் தண்ணீரும் சேர்ந்தால் எங்கே போகும் என்று நான் கேட்கவில்லை. அவள் லெட்சுமி அக்கா வீட்டு வாசலுக்கு வந்து, உள்ளே அந்தக் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சந்துக்குத் திரும்பி, குழாய் இணைக்கவிருந்த குத்தகைக்காரருக்கு அழைத்தாள். திங்கட்கிழமை வரவேண்டாம், குழாய்களைப் பழைய கால்வாய்க்கே திருப்பவேண்டும், தப்பு என்னுடையது என்றாள். இரண்டு வருட உழைப்பு. குரல் உடையவில்லை. எனக்கு அவள்மேல் கோபமும் வந்தது, அவளை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது.

உங்கள் ஊரிலும் கடலோரம் இப்படி யாராவது திட்டம் போட்டால், குழி வெட்டிப் பௌர்ணமியிலும் அமாவாசையிலும், அதற்கு மறுநாளும் போய் உட்கார்ந்து பாருங்கள். கடல் எப்போது ஏறும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், பினாங்கில் அந்நாட்களில் உச்சிவேளையை ஒட்டித்தான். மண் குடிக்காத இடத்தில் அடியை அடைத்த தொட்டித் தோட்டமும், கடல் ஏறும்போது மூடும் மதகும்தான் வழி என்கிறாள் அகிலா. கிள்ளானும் கடலுக்குத் தூரமில்லை, எங்கள் கூட்டத்தில் அதைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பள்ளத்தைக் களிமண்ணால் அடைத்துவிட்டார்கள், கட்டிலையும் மாடிக்கு ஏற்றியாயிற்று. அடுத்த அமாவாசை மதியம் அகிலா விரதத்தோடு அங்கேயே இருந்தாள். கட்டில் இருந்த அந்த முன்னறையிலிருந்து எனக்கு அழைத்தாள்.

"இங்க இப்ப சத்தமே இல்ல அக்கா," என்றாள். "ஆனா எதிர்வீட்டு அம்மா வந்து நிக்கிறாங்க. அவங்க வீட்டுல கேக்குதாம்."